ஏரிக்கரை வரலாறு – 17: அடைத்த சாடியும் திறந்த கலயமும்

சென்ற பகுதியில் பழவேற்காட்டில் ஒல்லாந்தர் நடத்திய வெடிமருந்துச் சாலையைப் பார்த்தோம். வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றில் கந்தகத்துக்கு அவர்கள் இன்னொரு வேலையும் வைத்திருந்தார்கள். பிரான்சின் போர்தோ துறைக்கு மது வாங்கச் சென்ற டச்சு வணிகர்கள், கந்தகம் தோய்த்த திரியைக் காலிப் பீப்பாய்க்குள் கொளுத்திப் புகையூட்டிய பிறகே மதுவை ஊற்றச் சொன்னார்கள். பிரெஞ்சுக்காரர்கள் அந்தத் திரியை டச்சுத் தீக்குச்சி என்றே அழைத்தார்கள். அந்தப் புகை எதற்கு என்று கேட்டால், பீப்பாயால் காற்றைத் தடுக்க முடியாது என்பதே விடை. இந்த விடையைக் கையில் வைத்துக்கொண்டு சோழமண்டலக் கரையின் மது வரலாற்றைப் படித்தால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. பாத்திரத்தின் வாயை நன்றாக அடைக்க முடிந்த இடத்தில் மது அதன் இயல்பிலேயே நின்றது. அடைக்க முடியாத இடத்தில், வாய் செய்ய வேண்டிய வேலையை உள்ளே சேர்த்த ஒரு பொருள் செய்தது. கடல்நீர், பிசின், சுண்ணாம்பு, கந்தகம், பிராந்தி என்று காலத்துக்குக் காலம் அந்தப் பொருள் மாறியது. யவனர் சாடியிலிருந்து இன்றைய திருகுமூடி வரை இரண்டாயிரம் ஆண்டுகள் இந்த ஒழுங்கு பிறழவில்லை என்பதே இந்தப் பகுதியில் நான் நிறுவ விரும்புவது.

முதலில் காற்று மதுவை என்ன செய்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 1866-ல் மதுவைப் பற்றி லூயி பாஸ்டர் வெளியிட்ட நூல் இதை ஆய்வின் வழியே பிரித்துக் காட்டியது. காற்றில்லாமல் மூடிய கண்ணாடிக் குழாயில் வைத்த மது மாறாமலே இருந்தது. பாதி காற்றோடு மூடிய குழாயில் நிறம் மங்கி, வண்டல் படிந்து, விரைவில் முதுமை தட்டியது. காற்று இரண்டு வகையில் வேலை செய்கிறது. ஆக்சிஜன் மதுவிலுள்ள துவர்ப்புப் பொருள்களோடு வினைபுரிகிறது. இரும்பின் துணையோடு நடக்கும் அந்த வினையின் தொடர்ச்சியாகச் சாராயத்தின் ஒரு பகுதி அசிட்டால்டிஹைடாக மாறுகிறது. வெட்டிவைத்த ஆப்பிளின் வாடையும் பழுப்பு நிறமும் வருவது இதனால்தான். மதுவைக் காடியாக்கும் பாக்டீரியாக்களும் ஆக்சிஜன் இல்லாமல் பெருகாது. ஆகவே வாயின் வழியே நுழையும் காற்று, தானே மதுவைத் தின்பதோடு, தின்ன வருகிற உயிர்களுக்கும் சோறிடுகிறது. கந்தகப் புகையில் பிறக்கும் கந்தக டை ஆக்சைடு இந்த இரண்டுக்கும் எதிரி. பாக்டீரியாவை ஒடுக்குவதோடு, ஆக்சிஜன் தொடங்கிய வினையைத் தன்மேல் வாங்கிக்கொண்டு தானும் தீர்ந்துபோகிறது. ஒரு மில்லிகிராம் ஆக்சிஜனை எதிர்கொள்ள ஏறத்தாழ நான்கு மில்லிகிராம் கந்தக டை ஆக்சைடு செலவாகும் என்பது வேதியியல் கணக்கு. இந்த ஒன்றுக்கு நான்கை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

யவனர் காலத்துக்குப் போவோம். அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலரும், அவருக்குப் பின் கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் தோண்டியபோது மத்தியதரைக் கடற்கரையிலிருந்து வந்த ஆம்போரா சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அவற்றை வகைப்படுத்திய எலிசபெத் லைடிங் வில், மதுச்சாடிகளில் பெரும்பங்கு கோஸ் தீவைச் சேர்ந்தவை அல்லது அந்த வடிவத்தைப் பின்பற்றியவை என்று கண்டார். கோஸ் தீவின் மது கடல்நீர் கலந்து செய்யப்பட்டது. அப்படிப்பட்ட மதுவை இத்தாலியிலேயே செய்துகொள்ளும் முறையை, கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் கேட்டோ தம் வேளாண்மை நூலில் எழுதிவைத்திருக்கிறார். இத்தகைய சாடிகளின் உட்புறம் ஊசியிலை மரப் பிசினைக் காய்ச்சிப் பூசப்பட்டிருக்கும். வாயில் தக்கையையோ சுட்ட மண் வில்லையையோ பொருத்தி, அதன்மேல் எரிமலைச் சாம்பல் கலந்த சுண்ணக் காரையை அப்புவார்கள். காரை இறுகுமுன் வணிகரின் முத்திரையைப் பதிப்பதும் உண்டு. இந்தியாவுக்குக் கப்பல் கிளம்பிய செங்கடல் துறைகளான பெரெனிகேயிலும் மியோஸ் ஹோர்மோசிலும் அப்படிப்பட்ட அடைப்புகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. தக்கை, அதன்மேல் காரை என்ற இரட்டை அடைப்பு அந்தக் காலத்துக்கு மிக நல்ல தொழில்நுட்பம். ஆனாலும் காரை நுண்துளை உள்ள பொருள், மண்சாடியும் அப்படியே. சாடியின் உடலில் காற்று நுழையும் வழியைப் பிசின் அடைத்தது. வாயில் எஞ்சிய கசிவை உப்பும் பிசினும் ஈடுகட்டின. யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த மணமுள்ள மதுவை பாண்டியன் நன்மாறன் அருந்துவதை நக்கீரர் புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் பாடுகிறார். கோடைக் காற்றில் செங்கடலைக் கடந்து, பருவக்காற்றில் அரபிக்கடலைத் தாண்டி வந்த மதுவில் மணம் எஞ்சியிருந்தது என்றால், அந்தப் பெருமையில் சாடியின் வாயை அடைத்த தொழிலாளிக்கும் பங்குண்டு.

அங்கே சாடியின் வாய்க்கு வெளியே பூசிய அதே சுண்ணாம்பை இங்கே பாத்திரத்தின் உள்ளே பூசினார்கள். பழவேற்காடு ஏரியின் கிளிஞ்சல் படிவுகள் நெடுங்காலமாகச் சுண்ணாம்புக்குப் பயன்பட்டவை. ஏரியின் மேற்குக் கரையில் சுண்ணாம்புக்குளம், அண்ணாமலைச்சேரி போன்ற மீனவ ஊர்கள் இருக்கும் இந்தச் சுற்றுவட்டத்திலிருந்து, பின்னாளில் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர்பெற்ற நீர்வழியில் கிளிஞ்சலும் விறகும் உப்பும் படகேறிச் சென்னைக்குப் போயின. சுண்ணாம்பு வீட்டுச் சுவருக்கும் வெற்றிலைக்கும் மட்டும் போகவில்லை. பனையேறியின் கலயத்துக்கும் போனது. பாளையைச் சீவிக் கட்டிய கலயத்தின் வாயை மூட முடியாது. மூடினால் சாறு எங்கே விழும்? இரவெல்லாம் திறந்த வாயோடு மரத்தில் தொங்கும் கலயத்தில் காற்றும் ஈயும் வண்டும் ஈஸ்டும் பாக்டீரியாவும் தாராளமாக நுழையும். விடிவதற்குள் சாறு நுரைத்துக் கள்ளாகிவிடும். கள்ளை இன்னும் ஒரு நாள் விட்டுவைத்தால் புளித்துக் காடியாகும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பைத் தடவினால் சாற்றின் காரத்தன்மை உயர்ந்து அந்த உயிர்கள் செயலிழக்கின்றன, கிடைப்பது பதநீர். ஈஸ்டு காற்றில்லாமலும் புளிக்கவைக்குமே, இதில் மூடிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். சரியான கேள்விதான். மூடி ஈஸ்டின் வேலையை நிறுத்தாது. ஆனால் ஈஸ்டு உள்ளே வந்து சேர்வதைத் தடுக்கும். பாத்திரத்தைக் கொதிக்கவைத்து வாயடைத்தால் சாறு கெடாது என்பதைத்தான் பாஸ்டர் பிறகு உலகுக்குக் காட்டினார். அந்த வழியே இல்லாத பனை உச்சியில், அடைப்பின் வேலையை ஒரு விரல் சுண்ணாம்பிடம் ஒப்படைத்தது நம் கரையின் அறிவு. இந்த வரலாற்றில் நான் மிக மதிக்கும் கண்டுபிடிப்பு இதுதான் என்பதை மறைக்க விரும்பவில்லை.

இப்போது ஒல்லாந்தருக்கு வருவோம். 1610-ல் விஜயநகர அரசர் வேங்கடரிடம் உரிமை பெற்று, 1613-ல் கெல்டிரியா கோட்டையை எழுப்பிய டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி, 1690-ல் நாகப்பட்டினத்துக்கு இடம்பெயரும் வரை பழவேற்காட்டையே சோழமண்டலத் தலைமையிடமாக வைத்திருந்தது. இந்த ஆண்டுகளைக் கண்ணாடிப் புட்டியின் வரலாற்றோடு ஒட்டிப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். நிலக்கரி உலையில் வார்த்த கெட்டியான புட்டி இங்கிலாந்தில் 1630-களில்தான் தோன்றியது. தக்கை பிடுங்கும் திருகாணியைப் பற்றிய முதல் எழுத்துச் சான்று 1681-ஆம் ஆண்டுக்குரியது. அதுவரை ஊதிச் செய்த புட்டிகளின் கழுத்து ஒன்றுபோல் ஒன்று இருக்காது. கூம்பு வடிவத் தக்கையைப் பாதி உள்ளே செருகி, கையால் இழுக்கும்படி மீதியை வெளியே விட்டு, கயிற்றால் கட்டுவார்கள். ஒரே அளவுக் கழுத்தும், அதற்குள் முழுதாக அடித்திறக்கிய நேரான தக்கையும், படுக்கவைத்து அடுக்கும் உருளைப் புட்டியும் வழக்குக்கு வந்தது பதினெட்டாம் நூற்றாண்டில். அதாவது, பழவேற்காடு தலைமையிடமாகக் கோலோச்சிய எழுபது எண்பது ஆண்டுகளில், இன்று நாம் ஒயின் புட்டி என்று எண்ணும் பொருள் உலகில் எங்குமே இல்லை. ஐரோப்பாவிலிருந்து மது பீப்பாயில்தான் வந்தது. கப்பல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, பெரும்பாலும் பத்தாவியா வழியாகப் பூமத்திய ரேகையை இரண்டு முறை கடந்து, முகத்துவாரத்தின் மணல்திட்டுக்கு வெளியே நங்கூரமிடும். அங்கிருந்து பீப்பாய்கள் உள்ளூர்ப் படகோட்டிகளின் தோளிலும் படகிலும் கரையேறின.

பீப்பாயின் வாய் எது? மேலே தட்டி அடைத்த கட்டை மட்டுமல்ல; பலகைக்கும் பலகைக்கும் இடையிலுள்ள ஒவ்வொரு இணைப்பும், ஓக் மரத்தின் ஒவ்வொரு நுண்துளையும் ஒரு வாய்தான். பீப்பாயில் இருக்கும் மது ஆண்டுக்கு லிட்டருக்கு 20 முதல் 40 மில்லிகிராம் ஆக்சிஜனை ஏற்கிறது என்று இன்றைய அளவீடுகள் சொல்கின்றன. முன்பு சொன்ன ஒன்றுக்கு நான்கு கணக்கைப் போட்டால், அதை முழுதும் கந்தகத்தாலேயே தடுக்க லிட்டருக்கு 80 முதல் 160 மில்லிகிராம் கந்தக டை ஆக்சைடு ஆண்டுதோறும் வேண்டும். கடல் ஆட்டமும் வெயிலும் ஆவியாகிக் குறைந்த மதுவின்மேல் நிற்கும் காற்றும் சேர்ந்தால் இன்னும் கூடும். கிளம்பும் இடத்தில் ஒருமுறை கொளுத்திய திரி இந்தக் கடனை அடைக்காது. ஐரோப்பிய மது கீழைக் கடலுக்குக் கெட்டுப்போய் வந்து சேர்ந்தது என்ற புகார்களுக்கும், கரையிலிருந்த ஐரோப்பியர் உள்ளூர்ச் சாராயத்தையும் பத்தாவியா அராக்கையும் நாடியதற்கும் விலை மட்டுமே காரணம் அல்ல. காய்ச்சி இறக்கிய மதுவில் காடிப் பாக்டீரியா வாழாது. ஆகவே அதன் பாத்திரத்துக்கு நல்ல வாய் தேவையில்லை. 17-ஆம் நூற்றாண்டு ஒல்லாந்தரிடம் வெள்ளீயக் கலவையில் செய்த திருகுமூடியோடு சதுரப் புட்டிகள் இருந்தன. அவை பெரும்பாலும் ஜின், பிராந்தி வகைகளுக்கே பயன்பட்டன. திருகுமூடி நம் காலத்துப் புதுமை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சாராயத்தின் இந்தப் பண்பைத் திராட்சை மதுவுக்குள்ளேயே கொண்டுவந்தது மதீரா. ஆங்கிலக் கம்பெனியின் கப்பல்கள் வழியில் மதீரா தீவில் பீப்பாய் ஏற்றிக்கொண்டு சென்னைப் பட்டினத்துக்கு வந்தன. பதினெட்டாம் நூற்றாண்டில் அந்த மதுவில் பிராந்தி கலக்கும் வழக்கம் நிலைபெற்றது. இந்தியாவுக்குப் போய்த் திரும்பிய பீப்பாயின் மது ஊரிலேயே இருந்ததைவிடச் சுவையாக இருப்பதைக் கண்டு, அதற்குக் கூடுதல் விலை கொடுத்தார்கள். கெடுக்க வேண்டிய வெப்பமும் காற்றும் அதைப் பக்குவப்படுத்தின. இன்று அதே விளைவுக்காக மதீராவின் மதுவை 45 முதல் 50 பாகை வெப்பத்தில் மூன்று மாதமாவது வைக்கிறார்கள். அதன் மணத்தில் முக்கியமான சோடோலோன் என்ற பொருள்தான் நம் வெந்தயத்தின் மணத்துக்கும் காரணம். மதீராவை எடுத்துக்காட்டி, காற்று பகை என்ற வாதமே தவறு என்று ஒருவர் சொல்லக்கூடும். அப்படி அல்ல. பிராந்தி சேர்த்து பாக்டீரியாவை வெளியே நிறுத்திய பிறகே ஆக்சிஜனை உள்ளே விட்டார்கள். வாயைத் திறந்தே வைக்கலாம் என்று துணிந்தவர்கள், உள்ளே சேர்த்ததும் எல்லோரையும்விட அதிகம். மதீரா என் கூற்றுக்கு விலக்கு அல்ல. அதன் ஓர் எல்லை.

வரலாற்றை மட்டும் வைத்து இந்த ஒழுங்கை நிறுவினால், தற்செயல் என்று தள்ளிவிடலாம். ஆனால் இது ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்க்கப்பட்ட ஒன்று. 1999-ல் ஆஸ்திரேலிய ஒயின் ஆய்வு நிறுவனம் ஒரே செமியோன் மதுவைப் பதினான்கு வகை அடைப்புகளில் ஒரே நேரத்தில் புட்டியிலிட்டது. ஆண்டுகள் செல்லச் செல்லப் புட்டிகளின் நிறமே பிரிந்தது: சில வெளிர்மஞ்சளாகவே நின்றன, சில தேநீர் நிறத்துக்குப் பழுத்தன. திருகுமூடியிட்ட மதுவில் கந்தக டை ஆக்சைடு மிக அதிகம் எஞ்சியது. அந்தக் காலத்துச் செயற்கைத் தக்கைகளில் அது மிக விரைவாகத் தீர்ந்தது. இயற்கைத் தக்கைகள் இடையில் நின்றன, அதுவும் தக்கைக்குத் தக்கை வேறுபட்டு. அடைப்பு எவ்வளவு தளர்வோ அவ்வளவு மருந்து செலவு என்பதை இதைவிடத் துலக்கமாகக் காட்ட முடியாது. போர்தோ பல்கலைக்கழகத்தில் பாவ்லோ லோபெஸ் குழுவினர் ஆக்சிஜன் பட்டால் நிறம் மாறும் சாயத்தைப் புட்டியில் நிரப்பி அளந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. தக்கையிட்ட முதல் மாதங்களில் உள்ளே சேரும் ஆக்சிஜனில் பெரும்பங்கு வெளிக்காற்று அல்ல. தக்கையின் உள்ளேயே அடைந்திருந்த காற்று. தக்கையின் பருமனில் எண்பது விழுக்காட்டுக்கும் மேல் வாயுதான். 1665-ல் ராபர்ட் ஹூக் உருப்பெருக்கியில் கண்டு அறைகள் என்று குறித்தவை இந்த வாயு நிறைந்த கூடுகளே. 24 மில்லிமீட்டர் தக்கையை 18.5 மில்லிமீட்டர் கழுத்துக்குள் அழுத்தும்போது அந்தக் காற்று மெல்லப் பிதுங்குகிறது. அதன் பிறகு நல்ல தக்கை ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் அளவில் ஆக்சிஜனை உள்ளே விடுகிறது. வெள்ளீயத் தகடு உள்ள திருகுமூடி அதில் மூன்றில் ஒரு பங்கோ இன்னும் குறைவோ.

இந்த வாதத்துக்கு வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. நம் கரையில் மதுவைக் கெடுப்பது வெயில், காற்றல்ல. மேமாதத்தில் 38 பாகை காயும் ஊரில் எந்த மூடியைப் போட்டு என்ன பயன்? வெப்பம் வேதிவினையை விரைவுபடுத்தும் என்பது உண்மை. பத்துப் பாகை ஏறினால் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். ஆனால் விரைவுபடுத்த ஒரு வினை வேண்டும்; ஆக்சிஜனால் நடக்கும் வினைக்கு அந்தச் சரக்கு உள்ளே வந்தாக வேண்டும். மேலும், வெப்பம் வாயின் வழியேயும் வேலை செய்கிறது. பகலில் மது விரிந்து தக்கையை வெளியே தள்ளும், ஓரத்தில் கசியும். இரவில் சுருங்கி, வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். நாள் முழுதும் ஒரே குளிர் நிலவும் பிரெஞ்சு நிலவறைக்கு ஏற்ற தக்கை, பகலுக்கும் இரவுக்கும் பத்துப் பாகை மாறும் கிடங்கில் அதே தக்கையாக இருப்பதில்லை. வெயில் கொடியது என்பதே இங்கே நல்ல அடைப்பு கூடுதலாகத் தேவை என்பதற்கான காரணம்.

இன்னொரு மறுப்பு மது செய்வோரிடமிருந்தே வருகிறது: முற்றிலும் இறுக அடைத்தால் மது மூச்சு முட்டுகிறது. இதிலும் உண்மை உண்டு. அதே ஆஸ்திரேலிய ஆய்வில் திருகுமூடியிட்ட மதுவில் ரப்பர் போன்ற வாடையை சுவைப்போர் குறித்தார்கள். ஆக்சிஜன் இல்லாதபோது கந்தகச் சேர்மங்கள் தலைதூக்குவதால் வருவது அது. பாஸ்டரும் மதுவைப் பக்குவப்படுத்துவது ஆக்சிஜனே என்று எழுதியவர்தான். ஆனால் இதற்குத் தீர்வு கசியும் தக்கைக்குத் திரும்புவது அல்ல. எவ்வளவு காற்று என்பதை முன்பே முடிவுசெய்வது. இன்றைய திருகுமூடிகளின் உட்தகடு குறைவாக விடுவது, சற்றுக் கூடுதலாக விடுவது என்று வகைவகையாகக் கிடைக்கிறது. தக்கையில் அந்தத் தேர்வு மரத்தின் கையில் இருந்தது. பன்னிரண்டு புட்டியுள்ள ஒரே பெட்டியில் ஒன்று இளமையோடும் ஒன்று பழுத்தும் இருப்பதை வாங்கியவர் விதி என்று ஏற்றுக்கொண்டார்.

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. மணமே அதன் சிறப்பு. காற்று பட்டால் மதுவில் முதலில் போவதும் மணம்தான். அத்தகைய பழத்திலிருந்து மது செய்து, குளிரூட்டாத கடைகளில் நிறுத்திவைத்து விற்கும் நாட்டில், இரண்டு மூன்று ஆண்டுக்குள் குடிக்கப்போகும் புட்டிக்கு இயற்கைத் தக்கையைப் போடுவது அழகுக்காக மதுவைப் பலி கொடுப்பது என்றே கருதுகிறேன். இந்தியத் தயாரிப்பாளர் பலர் திருகுமூடிக்கு மாறியது சிக்கனத்தால் மட்டுமல்ல, தேவையாலும்தான்.

மீனவர் ஊர்களின் வரலாற்றில் ஐரோப்பியர் குடித்த மதுவுக்கு இத்தனை இடமா என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். அந்தப் பீப்பாய்களைச் சுமந்தவர்கள் இந்தக் கரையினர். அவற்றால் முடியாததைக் கலயத்தில் முடித்துக் காட்டிய சுண்ணாம்பும் இந்தக் கரையினுடையது. கெல்டிரியா கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. 1825-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போகும் வரை இரண்டு நூற்றாண்டுக்கு மேல் அங்கே உடைந்த புட்டிகளும் சாடிகளும் மண்ணோடு போயிருக்கும். வயல் உழும்போதோ வலை வீசும்போதோ பழைய கண்ணாடியோ மண்கலமோ அகப்பட்டால், ஏரிக்கரை ஊர்களின் வாசகர்கள் அடிப்பாகத்தை மட்டும் எடுத்துவைத்துக் கழுத்துத் துண்டை எறிந்துவிட வேண்டாம். அதில் ஒட்டிய காரை, உலோக வளையம், தக்கைத் துணுக்கு எதையும் கழுவாமல், கிடைத்த இடத்தைக் குறித்து, தொல்லியல் துறையிடம் ஒப்படையுங்கள்.